மீதி நூற்றுப் பன்னிரண்டு

நெடுவகுத்தலைக் கையால் போட்டு வளர்ந்தவர்கள் நாம். என் வயதுக்காரர்களுக்கு அது மறந்திருக்காது. ஒவ்வோர் இலக்கமாகக் கீழே இறக்கி, வாய்க்குள் வாய்ப்பாடு முணுமுணுத்து, கழித்து, மறுபடி இறக்கி, கடைசியில் இறக்க எதுவும் இல்லாமல் அடியில் ஒரு மீதி நிற்கும். அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டால்தான் கணக்கு முடிந்த நிம்மதி. நம் வயதில் பால்யத்தை எழுதுகிறவர்கள் மாம்பழத்தையும் ஆற்றுக் குளியலையும் எழுதுகிறார்கள். எங்கள் வீட்டிலும் அந்தக் கோடையில் மாம்பழம் வாங்கினார்கள். ஆனால் எனக்கு நினைவில் நிற்பது ஓர் எண்தான். தொண்ணூற்றாறு லட்சத்துத் தொண்ணூற்றொன்பதாயிரத்து அறுநூற்றுத் தொண்ணூற்றொன்று. எண்ணால் எழுதினால் 96,99,691.

அப்பா ஒரு கல்லூரி நூலகத்தில் உதவியாளர். பேராசிரியர்கள் சீட்டு எழுதிக் கொடுத்தால் புத்தகத்தை எடுத்துக்கொண்டுபோய் அவர்கள் மேசையில் வைக்க வேண்டும். எழுமலைப் பக்கத்துப் பருத்திக்காட்டு வேலையிலிருந்து தப்பி வந்தவர். எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டார்கள். ஆனால் தூக்கிச் சுமந்த புத்தகங்களைத் திறந்து பார்க்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. இங்கிலீஷ் தட்டுத்தடுமாறித்தான் படிப்பார். எண்களுக்கு அந்தத் தொல்லை இல்லை என்பார்.

ஏதோ ஒரு கணிதப் புத்தகத்தில் அவர் கண்டது இது. ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதாலும் வகுபடாத எண்களை, அதாவது பகா எண்களை, முதலிலிருந்து வரிசையாகப் பெருக்கி ஒன்றைக் கூட்ட வேண்டும். இரண்டும் மூன்றும் ஆறு, ஒன்று கூட்டினால் ஏழு. அதுவும் பகா எண். ஐந்தையும் சேர்த்துப் பெருக்கினால் முப்பது, ஒன்று கூட்டினால் முப்பத்தொன்று. அதுவும் பகா எண். வெறும் இரண்டோடு ஒன்று கூட்டி வரும் மூன்றையும் சேர்த்து, இப்படி ஐந்து எண்கள் சரியாக வந்தன. ஆறாவது 30,031. அது 59-ஆல் வகுபட்டுவிட்டது. ஏழாவது 19-ஆல் வகுபட்டது. எட்டாவது, இரண்டிலிருந்து பத்தொன்பது வரை எட்டுப் பகா எண்களையும் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் வருவது, நான் மேலே சொன்ன எண்.

அப்பா இதைக் கணிதத் துறைத் தலைவரிடம் சொல்லியிருக்கிறார். அந்தப் பேராசிரியர் நல்ல மனிதர், ஆனால் விளையாட்டாகப் பேசுகிறவர். "எட்டாவது பகா எண்ணா இல்லையான்னு நீங்களே பாத்துச் சொல்லுங்களேன். பகா எண்ணா இருந்தா காலேஜ் மலர்ல உங்க பேரப் போட்டு அச்சடிச்சிரலாம்" என்றாராம்.

அந்த எண் பகா எண்தான் என்று அப்பா அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார். நிரூபிக்க வேண்டியதுதான் பாக்கி.

அக்கா அப்போதுதான் பதினொன்றாம் வகுப்புப் பரீட்சை எழுதியிருந்தாள். நான் ஆறாவது போக இருந்தேன். அப்பா சைக்கிளின் பின்னால் ஒரு பெரிய கட்டு கட்டிக்கொண்டு வந்தார். நூலகத்தில் கழித்துப்போட்ட பட்டியல் அட்டைகள். ஒரு பக்கம் புத்தகத்தின் பெயர் தட்டச்சு செய்திருக்கும், மறுபக்கம் வெறுமை. தூசியும் பழைய கோந்தும் கலந்த வாசனை. அட்டைக்கு ஒரு வகுத்தல் என்றார் அப்பா. சின்னதிலிருந்து தொடங்கி, அந்த எண்ணில் பாதி வரைக்கும் இருக்கிற எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டும்.

"அம்புட்டும் வேண்டாம்ப்பா" என்றாள் அக்கா. "ஒரு எண்ணு ரெண்டு எண்ணாப் பிரியுதுன்னா, ரெண்டுமே பெருசா இருக்க முடியாதுல்ல? மூவாயிரத்து நூத்திப் பதினாலு வரைக்கும் பாத்தாப் போதும். அதுக்கு மேல ரெண்டும் இருந்தா, பெருக்குனா நம்ம எண்ணத் தாண்டிரும்."

அப்பா ஒரு சிகரெட் அட்டையில் பெருக்கிப் பார்த்தார். பிறகு அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். சமையலறைப் பக்கம் திரும்பி, "ஏய், இங்க வா. உன் மக என்ன சொல்றான்னு கேளு. இவ ஒரு நாள் புரபசராத்தான் உக்காரப் போறா" என்று கத்தினார். அம்மா கையில் மாவோடு வந்து நின்று, எதுவும் புரியாமல் சிரித்தாள்.

அக்காவுக்காக வந்த அந்தச் சிரிப்பு எனக்கு ஆகவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆயிரத்துக்கு மேல் உள்ள எண்களை அப்பா எடுத்துக்கொண்டார். ஆயிரத்துக்குக் கீழ் அக்கா. ஒரு நாளைக்குப் பத்து அட்டை, அப்பா ஆறு மணிக்கு வருவதற்குள் முடிந்திருக்க வேண்டும். எனக்கு மை நிரப்புவதும், முடிந்த அட்டைகளை நூலில் கோப்பதும் வேலை. சிம்மக்கல் பக்கம் எங்கள் வீடு. ஓட்டுக்கூரை, மதியத்தில் தரையே கொதிக்கும். வியர்வை சொட்டி மை பரவிவிடும் என்று அக்கா மணிக்கட்டின் அடியில் ஒரு துணியை மடித்து வைத்துக்கொண்டு எழுதுவாள். ஒவ்வோர் அட்டையையும் முடித்ததும் இலக்கங்களைக் கூட்டி, ஒன்பதை விலக்கி, மிச்சம் ஒத்துப்போகிறதா என்று சரிபார்ப்பாள். சரியாக வந்தால் "ம்" என்று தனக்குத்தானே ஒரு சத்தம். அன்றைய நாளின் கடைசி "ம்" வந்தால்தான் பல்லாங்குழி விளையாட வருவாள். நானும் அவள் எழுத்தைப் போலவே எழுதப் பழகிக்கொண்டிருந்தேன். வெறும் பொழுதுபோக்காகத்தான்.

சித்திரை முடியும் சமயம். ஒரு நாள் காலை, அப்பா வேலைக்குப் போனதும், அக்கா தாவணியை மாற்றிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மகளிர் கல்லூரியில் பி.யூ.சி.க்கு, அதாவது புகுமுக வகுப்புக்கு, விண்ணப்பம் கொடுக்கிறார்களாம். அம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தாள். அப்பாவிடம் மார்க் வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள்.

"வரிசை நீளமா இருக்குமாம். வர அஞ்சு மணி ஆகும்டி. இன்னைக்குப் பத்து அட்டைய நீ போட்டு வைக்கிறியா? உனக்குத்தான் என் எழுத்து வருமே."

"எனக்கு என்ன தருவ?"

"என் பச்சை ரிப்பன்."

"சரி."

"அவசரப்படாத. ஒம்போத விலக்கிப் பாரு. தப்பா இருந்தா மறுபடி போடு, என்ன?"

307, 311, 313, 317. நான்கு அட்டைகளை உண்மையாகவே போட்டேன். உங்களிடம் பொய் சொல்ல வேண்டிய தேவை இல்லை. நான்கும் சரி, ஒன்பதை விலக்கியும் பார்த்தேன். அப்போது மணி மூன்றரை இருக்கும். பக்கத்து வீட்டு டீச்சர் அவர்கள் பிள்ளைகளைத் தமுக்கத்தில் பொருட்காட்சிக்குக் கூட்டிப்போவதாகவும், என்னையும் அனுப்பச் சொல்லியும் வாசலில் நின்று அம்மாவைக் கேட்டார். அம்மா சரி என்றுவிட்டாள். ஆறு அட்டைகள் பாக்கி.

வகுக்காமல் வகுத்த மாதிரி எழுதுவது எவ்வளவு சுலபம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. நடுவில் ஏதோ எண்கள், கீழே கோடு, கடைசியில் வகுக்கும் எண்ணைவிடச் சின்னதாக ஒரு மீதி. வட்டம். ஆறு அட்டைகளையும் எழுத ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. 331, 337, அடுத்தது 347. அதன் கீழே மீதி 112 என்று எழுதினேன். ஏன் 112 என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கையில் வந்தது.

பொருட்காட்சியில் ராட்டினம் ஏறினேன். மிளகாய்ப்பொடி தூவிய அப்பளம், என் முகத்தைவிடப் பெரியது, இரண்டு கையாலும் பிடித்துத் தின்றேன். நாக்கு எரிந்தது. மேலே போகும்போது ராட்டினத்திலிருந்து பாலமும், மணல் மட்டும் கிடந்த ஆறும், கோபுரங்களும் தெரிந்தன. சந்தோஷமாக இருந்தேன். இத்தனை வருடம் கழித்தும் அந்தச் சந்தோஷத்தை என்னால் கெடுத்துக்கொள்ள முடியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அக்காவின் முகம் பளபளவென்று இருந்தது. விண்ணப்பம் கிடைத்துவிட்டது. "சரிபாத்தியாடி?" என்று காதோரம் கேட்டாள். "பாத்தேன்" என்றேன். ரிப்பனை அவிழ்த்து என் கையில் வைத்தாள்.

வைகாசி நடுவில் அட்டைகள் முடிந்தன. எதிலும் மீதி இல்லாமல் போகவில்லை. அப்பா தன்னுடைய அட்டைகளையும் அக்காவின் அட்டைகளையும் கட்டி, பையில் வைத்து, எங்கள் இருவரையும் கல்லூரிக்கு அழைத்துப்போனார். வெளுத்த வேட்டி, கஞ்சி போட்ட சட்டை. எனக்குப் பட்டுப்பாவாடை. அக்கா, மார்க் நன்றாக வந்திருந்த தெம்பில், வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள்.

கணிதத் துறை அறையில் நான்கைந்து பேர் இருந்தார்கள். தலைவர் அட்டைகளைப் புரட்டிப் பார்த்து, "அடேயப்பா, இம்புட்டு உழைப்பா!" என்று உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். எங்களுக்கு டீ வாங்கி வரச் சொன்னார். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த ஓர் இளம் விரிவுரையாளர் மட்டும், "அச்சடிக்கிறதுக்கு முன்னால ஒரு தடவ பாத்துருவமே சார்" என்று மூலையிலிருந்த கணக்கு மெஷினை இழுத்தார். கைப்பிடியைச் சுற்றினால் சின்னச் சின்னச் சன்னல்களில் எண்கள் உருளும். கடகடவென்று நெசவுத் தறி மாதிரி ஒரு சத்தம்.

பத்தொன்பது வரை எதனால் வகுத்தாலும் மீதி ஒன்றுதான் என்பதால், 23-இலிருந்து தொடங்கினார். அக்கா அட்டையைப் பார்த்து மீதியைச் சொல்வாள், அவர் சன்னலைப் பார்த்து "சரி" என்பார். ஒவ்வொரு "சரி"க்கும் அப்பா சுற்றியிருந்தவர்களை ஒரு முறை பார்த்துக்கொண்டார். அரை மணி நேரம் ஓடியிருக்கும். 307 வந்தது. ஒன்றுக்குப் போக வேண்டும் என்று அப்பாவின் சட்டையை இழுத்தேன். "சும்மா இரு" என்றார்.

331-இல் மெஷின் ஒரு மீதி காட்டியது, அக்கா வேறொன்றைப் படித்தாள். "சின்னத் தப்பு, போகட்டும்" என்றார் விரிவுரையாளர். 337-இலும் அப்படியே. அக்கா படிப்பதை நிறுத்தி, அட்டையை முகத்துக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

347. கைப்பிடி சுற்றியது. சத்தம் நின்றது. மீதி காட்டும் சன்னல்கள் எல்லாவற்றிலும் சுழி.

"இருபத்தேழாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூணு தடவ போகுது சார். மீதி ஒண்ணுமில்ல." அவர் அக்காவைப் பார்த்துச் சிரித்தார். "உன் அட்டையில என்னம்மா போட்டிருக்கு?"

"நூத்திப் பன்னெண்டு" என்றாள் அக்கா.

"அது எங்கேருந்து வந்துச்சு?"

எல்லாரும் சிரித்தார்கள். தலைவர்கூட. கெட்ட சிரிப்பு இல்லை, அலுவலகச் சிரிப்பு. அக்கா சிரிக்கவில்லை. அட்டையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள். அப்பா அவள் கையிலிருந்து அந்த அட்டையை வாங்கி, சற்று நேரம் பார்த்துவிட்டுச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

அன்று மதியம் வீட்டுக் கொல்லையில், குழாயடியில் ஒளிந்துகொண்டு, உடைந்த சிலேட்டில் நான் அந்த வகுத்தலைப் போட்டேன். கடைசி இலக்கத்தை இறக்கியபோது 1041 வந்தது. மூன்று தடவை 347-உம் 1041. கீழே சுழி. பொருட்காட்சிக்குப் போன அன்று இன்னும் மூன்று அட்டைகளை ஒழுங்காகப் போட்டிருந்தால் அதை நானே கண்டுபிடித்திருப்பேன். அப்பா எங்கும் போய் நின்றிருக்க மாட்டார்.

அக்கா பின்னால் வந்து நின்றாள். சிலேட்டைப் பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன்.

"நீயே போய் அப்பாகிட்டச் சொல்லிரு" என்றாள். "நான் சொன்னா, நீ அன்னைக்கு எங்க போயிருந்தேன்னு கேப்பாரு. விண்ணப்பத்த இன்னும் காட்டல. நீ சொல்லிரு. உன்னைய ஒண்ணும் செய்ய மாட்டாரு."

"நாளைக்குச் சொல்றேன்க்கா."

"சத்தியமா?"

"சத்தியமா."

நாளைக்குச் சொல்லவில்லை. அதற்கடுத்த நாள் அம்மா துணிந்து விண்ணப்பத்தை எடுத்து அப்பா முன்னால் வைத்தாள். மார்க்கையும் சொன்னாள். கையெழுத்து ஒன்றுதான் வேண்டும் என்றாள்.

அப்பா அதைத் தொடவில்லை. "ஒரு வகுத்தல ஒழுங்காப் போட வக்கில்லாத கழுதைக்குக் காலேஜ் ஒரு கேடா? ஊரு சிரிச்சது போதாதா?"

"அது நான் போட்டதில்லப்பா" என்றாள் அக்கா.

"பின்ன? யாரு போட்டது?"

நான் கையில் தண்ணீர்ச் சொம்போடு நின்றிருந்தேன். அக்கா என்னைப் பார்த்தாள். அம்மா பார்த்தாள். அப்பாவும் ஒரு கணம் என்னைப் பார்த்தார். சொம்பின் விளிம்பில் ஒரு நசுங்கல் இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அக்கா குனிந்து தரையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்து மடித்தாள்.

எழுமலையிலிருந்து அத்தை, அப்பாவின் தங்கை, ஆனி மாதம் வந்தார். "அண்ணே, சொன்னபடி பிள்ளையக் குடுத்துரு. வீட்டுல ஒத்தையாக் கெடந்து மல்லுக்கட்டுறேன்" என்றார். சொன்னபடி என்ற வார்த்தையை நான் அப்போது கவனிக்கவில்லை. ஆவணியில் அத்தை மகனுக்கும் அக்காவுக்கும் கல்யாணம் முடிந்தது. நான் இரண்டு லட்டு அதிகம் தின்றேன்.

அப்பாவுக்குக் கல்லூரியில் மூணு நாலு ஏழு என்று பெயர் வைத்துவிட்டார்கள். விடுதிப் பையன்கள் சைக்கிளைப் பார்த்ததும் மாடியிலிருந்து கத்துவார்களாம். ஓய்வுபெறும் வரை அதைக் கேட்டுக்கொண்டே வேலை பார்த்தார். நூலகத்தில் எந்தப் புத்தகத்தையும் அதன் பிறகு திறந்ததில்லை என்று அவரோடு வேலை பார்த்தவர் அம்மாவிடம் சொன்னார்.

என்னை அப்பா படிக்க வைத்தார். நான் தயங்கியபோதுகூட, பிடிவாதமாக, பி.எஸ்.சி. கணிதம். பிறகு பி.எட். மேல்நிலைப்பள்ளியில் கணித ஆசிரியையாக முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். அக்கா எழுமலையில் பருத்திக்காடும் மாடுமாக இருந்தாள். நான் போனால் கோழி அடித்துக் குழம்பு வைப்பாள். என் பிள்ளைகள் மேல் உயிராக இருந்தாள். அந்தக் கோடையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் பேசவில்லை. கரும்பலகையில் வகுத்தல் போட்டுக் காட்டும் நாளெல்லாம், "நீ சொல்லிரு" என்ற அவள் குரல் காதில் விழும். அப்படியே பாடத்தை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன்.

அப்பா கடைசி மூன்று வருடம் என் வீட்டில் இருந்தார். எண்பது தாண்டிவிட்டது. ஒரு காலை, அவருக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். எப்படி அந்தத் தைரியம் வந்தது என்று தெரியவில்லை.

"அப்பா, அந்த 347 அட்டை. அத எழுதுனது நான்தாம்ப்பா. அக்கா இல்ல."

"தெரியும்" என்றார்.

நகவெட்டி என் கையிலேயே நின்றது. "எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே. அந்த ரூமுலயே. உன் எழுத்து எனக்குத் தெரியாதா ஆத்தா? என்னதான் அவள மாதிரி எழுதுனாலும்."

"பின்ன ஏன்ப்பா அவளத் திட்டுனீங்க?"

அவர் சன்னல் பக்கம் பார்த்தார். "உங்க அத்தைக்கு வாக்குக் குடுத்துட்டேன். தையிலயே குடுத்துட்டேன். உங்கக்காகிட்ட எப்புடிச் சொல்றதுன்னு தெரியாமத் திணறிக்கிட்டு இருந்தேன். அன்னைக்கு அந்த அட்டை கையில கெடச்சுச்சு."

"அப்ப அவளுக்குக் கணக்கு வராதுன்னு நீங்க நெனைக்கலையா?"

"அவளுக்கா?" என்று அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஏதோ முட்டாள்தனமாகக் கேட்டுவிட்டதைப் போல. "அவளுக்கு வராத கணக்கா?"

அவ்வளவுதான் சொன்னார். அடுத்த விரலை நீட்டினார். நான் வெட்டினேன். வேறென்ன செய்வது? அறுபது வயதை நெருங்கிக்கொண்டிருந்த நான், அந்த மெலிந்த கையைப் பிடித்துக்கொண்டு ஐந்து விரலையும் வெட்டி முடித்தேன். பதினொரு வயதில் ஒரு தப்புச் செய்து அக்காவின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தே இத்தனை காலம் ஓடியிருந்தது. கெடுக்கத் தீர்மானித்திருந்தவர் வேறு ஒருவர். நான் அவருக்குச் சாக்கு எழுதிக் கொடுத்தேன். இதில் எனக்கு ஆறுதல் இருக்கிறதா என்று பலமுறை தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை. அன்று நான் வாயைத் திறந்திருந்தால் அந்தச் சாக்கு அவருக்குக் கிடைத்திருக்காது.

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் கிளம்பியபின், அக்காவும் நானும் சமையலறையில் உட்கார்ந்து மீந்த காய்களைப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தோம். அவள் கைவிரல்கள் பருத்தி எடுத்து எடுத்துக் காய்த்துப்போயிருந்தன.

"கடைசியா என்னையப் பத்தி ஏதாச்சும் சொன்னாராடி?" என்றாள்.

நான் முருங்கைக்காயை ஒடித்துக்கொண்டிருந்தேன். சொன்னால், அப்பா அவளுடைய கணக்கை ஒருநாளும் சந்தேகப்படவில்லை என்பது அவளுக்குக் கிடைக்கும். கூடவே, தெரிந்தே செய்தார் என்பதும் கிடைக்கும். ஒன்றை மட்டும் எடுத்துக் கொடுக்க எனக்கு வழி தெரியவில்லை.

"இல்லக்கா. நெனவே இல்லாமத்தான் இருந்தாரு."

"அதான் பாத்தேன்." அவள் பையின் வாயை இறுக்கி முடிச்சுப் போட்டாள். "பாவம், தப்பா நெனச்சுக்கிட்டாரு. நேரா நின்னு நாலு வகுத்தல் போட்டுக் காட்டியிருந்தா ஒத்துக்கிட்டிருப்பாரு. எனக்குத்தான் அப்பப் புத்தியில்ல."

ஆரப்பாளையம் பஸ் நிலையத்தில் அவளை, எழுமலைக்குப் போக, உசிலம்பட்டி பஸ்ஸில் ஏற்றி, சன்னலோரம் உட்கார வைத்தேன். "வாரேன்டி" என்றாள். வண்டி கிளம்பும்வரை நின்றேன். இன்னொரு முறை போகும்போது சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். பலமுறை போய் வந்துவிட்டேன். அக்கா இப்போது காது மந்தமாகி, ஆனாலும் திடமாக, எழுமலையில்தான் இருக்கிறாள். உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொல்ல வேண்டியது உங்களிடம் இல்லை.